தார்ப்பாய்

கம்பம் மெட்டு அடிவாரம்.
விடியாத நாலே முக்கால்.
மொக்கராசுவின் ஜீப்பில் ஒன்பது பேர் போகலாம் என்கிறது
ஆர்.சி. புத்தகம்.
பதினாறாவதாக ஏறுகிறவள்
தூக்குவாளியை முதலில் உள்ளே கொடுத்து
அதற்குக் கிடைத்த இடத்தில்
தானும் நுழைகிறாள்.

ஆடி மாதம், மேலே விடாத சாரல்.
நாலு பக்கமும் தார்ப்பாய் இறக்கிக் கட்டியாயிற்று.
உள்ளே ஏலக்காய்ப் பால் ஒட்டிய கைகள்,
காயாத துண்டுகள், நேற்றைய ரசம்,
யாருடையதோ கோடாலித் தைலம்.
அவன் இருமுகிறான்.

நான் சளி டப்பாக்காரி.
சம்பளப் பட்டியலில் வேறு பெயர்.
அவன் நெஞ்சுச் சளியைச் சோதனைக்குக் கொண்டுபோனது என் கை.
மூன்று பிளஸ் என்று சீட்டு வந்தது.
பதினோரு நாள் மாத்திரை தின்றான்.
பன்னிரண்டாம் நாள் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

"மூத்திரம் செவப்பாப் போகுது, அது கெடக்கட்டும்.
கொண்டை ஊசி வளைவு ஒண்ணு ரெண்டாத் தெரியுதே.
மாத்திரையத் தின்னுட்டு நான் உருட்டிவிட்டா
பதினாறு பேரும் ஒரே நாள்ல போவாங்க.
இருமலுக்கு அப்படி என்ன அவசரம்?"

பதில் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது.
அதுவும் நல்ல பதில் இல்லை.
"உன் நெஞ்சு உன்னுது. விட்ட மூச்சு?"
"விட்ட பெறகு அது யாருதும் இல்ல,"
என்றான், இறக்கிவிட்ட சவாரியைச் சொல்வதுபோல.

பையில் பதிவேடு இருக்கிறது.
அவன் பெயர் உள்ள பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன்.
பிறர் கண்ணில் படக்கூடாது என்பது விதி.
போன வருஷம் ஒருத்தியின் பெயர் கசிந்து
டீக்கடையில் அவளுக்குத் தனி டம்ளர் வந்தது.
கசிந்தது என் வாயிலிருந்துதான்.
அதை எந்தப் பக்கத்திலும் நான் எழுதவில்லை.

பவுன்தாயிக்கு ஏழாம் மாதம்.
அவளை மட்டும் தனியே பிடித்துச் சொன்னேன்,
காரணம் சொல்லாமல்:
கடைசியில் உட்கார், தார்ப்பாயைத் தூக்கி வை.
சிரித்தாள்.
"அவருக்கு என்னன்னு தெரியும்க்கா.
எங்க வீட்டுக்காரரும் இதே கலர் மாத்திரதான் தின்னாரு.
மத்த ஜீப்புல அன்னன்னைக்கு வாடகை.
இவரு சனிக்கிழமை வரைக்கும் வாயத் தொறக்க மாட்டாரு.
தார்ப்பாயத் தூக்குனா நனைவேன்.
நனைஞ்ச சேலையோட நாளெல்லாம் காய் எடுக்கணும்,
அதுக்கு என்ன மாத்திர வச்சுருக்க?"

தெரிந்தே ஏறுகிறவளைத் தடுக்க நான் யார்?
நியாயம்தான்.
அவள் வயிற்றைப் பார்த்தேன்.
அதைக் கேட்டா ஏற்றினார்கள்?

மெட்டில் செக்போஸ்ட் உண்டு.
கோழி லாரியை மறித்து டயருக்கு மருந்தடிப்பார்கள்.
மாட்டுக்குச் சீட்டு கேட்பார்கள்.
இருமல் கேட்டால் மட்டும் "எந்தா சேட்டா, சுகமில்லே?"
என்று கேட்டுக் கம்பைத் தூக்கிவிடுவார்கள்.
நான் ஒரு போன் போட்டால் கம்பு இறங்கும்.
பதினாறு கூலியும் அதோடு இறங்கும்.
நம்பரை இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன்.
இரண்டாம் முறை ரிங் போனது. துண்டித்தேன்.

இன்று நானே ஏறினேன்,
முன்சீட்டில், கதவுக்கும் ஒரு அரிசி மூட்டைக்கும் நடுவே.
என் பக்கத் தார்ப்பாயின் முடிச்சை அவிழ்த்தேன்.
சாரல் நேராக அவன் முகத்தில் அடித்தது.
"மூடு," என்றான்.
"மூடுங்கம்மா," என்று பின்னாலிருந்து எல்லாரும்.
பவுன்தாயி குரல்தான் பெரிசு.

உள்ளங்கையில் இன்றைய மாத்திரை.
ஈரம் பட்டுச் சிவப்புச் சாயம் இறங்கிக்கொண்டிருந்தது.
"பார்வைய மங்கடிக்கிறதை மட்டும் மாத்தித் தரச் சொல்லி
டாக்டர்ட்டக் கேட்டிருக்கேன்.
நீ சொன்னது சரிதான்," என்றேன்.
அவன் ரோட்டையே பார்த்தான்.

மூன்றாம் வளைவில் இருமல் வந்தது.
அடக்கினான்.
தோள் குலுங்க, கண்ணில் நீர் முட்ட,
வளைவு முழுக்க அடக்கி,
தன் பக்கப் படுதாவை ஒதுக்கி
தலையை வெளியே நீட்டி
மழைக்குள் இருமினான்.

மாத்திரையை வாங்கவில்லை.
நான் கையை மூடவும் இல்லை.