ஒண்டரைக்கு வாங்க

கச்சேரியில் சொன்னார்கள்:
சாப்பாட்டு நேரம், ஒண்டரைக்கு வாங்க.

கோட்டையை விட்டிறங்கிப் பாலம் கடந்து
காந்தி பூங்காவுக்கு வந்தேன்.
தண்ணீரைப் பார்த்தபடி ஒரு வாங்கு.
பாதி காகத்துக்கு, பாதி எனக்கு.

மடியில் பைல்.
பிறப்புச் சான்றிதழில் நான் கமலேஸ்பரி,
அடையாள அட்டையில் கமலேஸ்வரி.
ஓரெழுத்து.
ஐம்பத்தொரு வருசமாய் அதைக் கவனியாமல்
பிள்ளை பெற்றேன், கடன் பட்டேன், கடன் அடைத்தேன்.
எத்தனையோ வெள்ளத்திலும் ஒரு சுனாமியிலும்
வரிசையில் நின்று பேர் சொல்லி
நிவாரண அரிசி வாங்கினேன்.
அரிசி கேட்கவில்லை
பானாவா வானாவா என்று.
சேமலாப நிதி கேட்கிறது.

முன்னொரு காலம் வள்ளங்கள் வந்து
கட்டின துறையாம் இது.
ஒரு வாசல் நிற்கிறது, மதில் இல்லாமல்.
எது உள்பக்கம் எது வெளிப்பக்கம் என்று
அதற்கே மறந்திருக்கும்.
பள்ளிச் சீருடையில் இரண்டு பொடிச்சிகள்
அதற்குள்ளால் போவதும் வருவதுமாய்
ஒவ்வொரு தடவையும் எனக்கு
"வணக்கம்" சொல்லுகிறார்கள்,
புதிதாய் வந்து இறங்கினவர்கள் போல.

குடைக்குக் கீழே ஒரு சோடி.
மழை இல்லை.
வெயிலும் அவ்வளவுக்கு இல்லை.

நிறை பார்க்கும் மெஷினோடு ஒருவர்
மரநிழலில் இருந்தார். முப்பது ரூபாய்.
"பைலக் கீழ வைங்க தங்கச்சி,
கடதாசிதான் பெரிய பாரம்."
ஏறினேன். ஐம்பத்தெட்டு.
பைலோடு ஏறினேன். அதே ஐம்பத்தெட்டு.
முள்ளு அசையவேயில்லை.
மெஷினை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்,
பிறகு என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டோம்.
இரண்டாவதுக்குக் காசு எடுக்கவில்லை.

என்ன அலுவல் என்றார், சொன்னேன்.
காத்தான்குடியாம், இஸ்ஸதீனாம்.
அட்டையில் இசதீன்,
வாக்காளர் இடாப்பில் இஸ்ஸடீன்,
மின்சார பில்லில் யாரோ ஈசுதீன்.
"நாலு பேர் எனக்கு.
நாலு பேருக்கும் சேர்த்து
ஒரு வயிறுதான், அதுக்குள்ள
நல்ல காலம்."

இந்தத் தண்ணீரை நாங்கள் ஆறு என்போம்.
பலகையில் வாவி என்றிருக்கிறது,
பத்திரிகையில் களப்பு.
முகத்துவாரம் திறந்தால் உப்பு,
மாரி கொட்டினால் நன்னீர்.
ஒரு சத்தியக்கடதாசியும் முடிக்காமல்
கோட்டைச் சுவரை நனைத்துக்கொண்டு கிடக்கிறது.
மீன் பாடுமாம். பகலில் எங்கே?
அதுவும் வேலைக்குப் போயிருக்கும்.

ஆளில்லாத நேரம் பார்த்துச்
சொல்லிப் பார்த்தேன் என் பேரை.
வானாவில், மேற்பல் கீழுதட்டை மெல்லக் கடிக்கிறது.
பானாவில், உதடு இரண்டும் முட்டிப் பிரிகின்றன.
காகம் எழும்பிப் போய்விட்டது.

பேர் பதியப் போனது அப்பா.
வாழைச்சேனையிலிருந்து சைக்கிளில்,
முதல் பிள்ளை, வெற்றிலை வாயோடு.
எழுதினவர் பிழை விடவில்லை.
கேட்டதை எழுதியிருக்கிறார்.
அப்பாவின் ஒரு படமும் எங்களிடம் இல்லை,
தொண்ணூறில் வீட்டோடு எரிந்தது.
குரல் எப்படி என்று பிள்ளைகள் கேட்டால்
என்னவென்று சொல்வேன்?
ஆனால் இந்தப் பழுப்புத் தாளில்,
நீல மையில்,
அவருடைய உதடுகள் முட்டிப் பிரிந்த இடம்
ஒன்று இருக்கிறது.

படிவத்தில் ஒரு கட்டம்: திருத்தப்பட வேண்டிய எழுத்து.
அடுத்த கட்டம்: காரணம்.

மணி ஒன்று இருபது.
பைலைக் கட்டிக்கொண்டு எழும்பினேன்.
வாசலைச் சுற்றிப் போக இடம் இருந்தது.
உள்ளுக்குள்ளால்தான் போனேன்.
"வணக்கம்" என்றார்கள் பொடிச்சிகள்.
பேர் கேட்கவில்லை.

பாலத்தில் ஏறும்போது நினைத்தேன்:
அட்டையைத் திருத்தச் சொல்லிக் கேட்டால் என்ன?
கூடப் பத்து நாள் அலைய வேண்டிவரும்.
வேறு வேலை? தையல் கிடக்கிறது, ரெண்டு சட்டை.
கிடக்கட்டும்.