லாரி டியூப்

போண்டா சுற்றி வந்த தாளில்தான் பார்த்தேன்.
எண்ணெய் ஊறிய இடத்தில்
கடல் கண்ணாடியாகி
பின்பக்கத்து ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி
அலைக்கு அடியில் தெரிந்தது.

மேலே ஏழு பேர்.
கியூபா என்று போட்டிருந்தது.
படகு இல்லை அவர்களிடம்.
இரண்டு லாரி டியூப், குறுக்கே ஒரு கதவுப் பலகை,
கயிறு, ஒரு கேன் தண்ணீர்.
மடியில் நாயோடு ஒருத்தி
ஸ்டூடியோவுக்கு வந்தவள் போலச் சிரிக்கிறாள்.

அர்த்தநாரி அண்ணன் எட்டிப் பார்த்தார்.
'நம்ம சரக்கு மாதிரியே இருக்குதேப்பா.
லாரிக்குப் போடற பெரிய சைஸு.'
ஓமலூர் ரோட்டில் பதினெட்டு வருடம் பஞ்சர் ஒட்டியவர்,
நிழலைப் பார்த்தே சைஸ் சொல்வார்.
தொண்ணூறு மைல் என்று படித்துக் காட்டினேன்.
'தொண்ணூறுன்னா இங்கருந்து திருச்சி.
லோடு வண்டிக்கே நாலு மணி நேரம் ஆவும்' என்றார்.
எங்களுக்குப் பதினெட்டு மைல்தான்.
அதை நான் சொல்லவில்லை.

எனக்கு வால்வுதான் கண்ணில் பட்டது.
உள்பக்கம் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள்,
பலகையின் விளிம்பு படும்படி.
ஒவ்வோர் அலைக்கும் ஓர் உரசல்.
இருட்டுவதற்குள் கழுத்தில் விரிசல் விட்டுவிடும்.
ஒரு துணியாவது சுற்றியிருக்கலாம்.
யாருக்குச் சொல்வது.
தாளில் தேதி பார்த்தேன். போன வியாழன்.

பேசாலையில் நாங்கள் ஏறியபோது
இருபத்துமூன்று பேர்.
ஆளுக்கொரு பை என்றான் ஓட்டி.
நடுக்கடலில் அதுவும் பாரம் என்றான்.
ரெஜினா மடியில் வைத்திருந்த தையல் மெசினின் தலையை
அவள் கையிலிருந்து வாங்கியவன் நான்.
போட்டபோது பெரிய சத்தமில்லை,
யாரோ ஒரு வாய் தண்ணீர் விழுங்கியதுபோல.
விடியும்முன் மணலில் இறக்கிவிட்டு
'இதுதான் இந்தியா, நடவுங்கோ' என்று திரும்பிப்போனான்.
நடந்தோம்.
இந்தியா இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது.
நாலு பக்கமும் கடல்.

பிறகுதான் மண்டபம், பதிவு, பஸ்.
கடலே இல்லாத ஜில்லாவாகப் பார்த்து இறக்கினார்கள்.
தாரமங்கலம் போகிற வழியில்
நம்பர் எழுதிய தகரக் கதவு.
மேட்டூர் அணை மீனை
சைக்கிளில் கொண்டுவருகிறான் ஒருவன்.
வாங்குவாள் ரெஜினா. ஆய்வாள். காய்ச்சுவாள்.
உப்பு பத்தேல்லை என்பாள்,
எவ்வளவு போட்டாலும்.

இன்றைக்கு ஜவ்வரிசி ஏற்றிய பம்பாய் வண்டி.
செங்கோடன் வண்டிக்கடியில் துண்டு விரித்துத் தூங்குகிறான்.
டியூபுக்குக் காற்றடித்துத் தொட்டியில் அமுக்குகிறேன்.
ஒரேயடியாக முங்காது.
காய்ச்சல்காரனைப் புரட்டுவதுபோல்
கொஞ்சம் கொஞ்சமாய்த் திருப்பவேண்டும்.
ஓட்டை எங்கே என்று
தண்ணீர் குமிழிவிட்டுச் சொல்லும்.
அன்றைக்குப் படகில் சொல்லவில்லை.
கணுக்காலுக்கு வந்தபிறகே சொன்னது.

மூன்று பேட்ச்.
கடைசிப் பேட்ச் ஒட்டும்போது கரண்ட் போயிற்று.
ஐந்து ரோடு வரைக்கும் இருட்டு.
ஏற்காட்டு மலையில் மட்டும்
ஏதோ ஒரு பஸ் வளைவு வளைவாக இறங்குகிறது,
தெரிந்து, மறைந்து, தெரிந்து,
தலைமன்னார் வெளிச்சவீடுபோல்.

டியூபைத் தரையில் படுக்கப்போட்டு
மேலே உட்கார்ந்தேன்.
கால் இரண்டையும் தூக்கிக்கொண்டேன்.
எத்தனை பேருக்கு இடமிருக்கும் என்று பார்க்கத்தான்.
எனக்கும் ரெஜினாவுக்கும் சரி.
நெருக்கி உட்கார்ந்தால்
நாய்க்கும்.

வால்வு தொடையில் குத்தியது.
மூலையில் கிடந்த சாக்கில் ஒரு கிழிசல் எடுத்து
அதன் கழுத்தைச் சுற்றிக் கட்டினேன்.

உள்ளேயிருந்து அர்த்தநாரி அண்ணன்:
'யாருப்பா அது டியூப் மேல?
எந்திரி, பேட்ச்சு இன்னும் காயல.'