அகற்றப்பட்டவை

என் பதிவேட்டில் அவை எல்லாம் செத்துவிட்டன.
மண்டபம், பழைய குடியிருப்பு, பிளாக் மூன்று,
மேல்நிலைத் தொட்டியின் வடக்குச் சுவர்:
இச்சிக் கன்று ஒன்று. அகற்றப்பட்டது.
சுங்கக் கிட்டங்கி, கழிவறைக் குழாயின் முழங்கை:
அரசு இரண்டு. அகற்றப்பட்டன.
கீழே என் கையெழுத்து, தேதி.
வேரில் ஊற்றும் ஆசிட்டுக்குத் தனி வவுச்சர்.

பொய் எழுதவில்லை.
எங்கே போனது என்று கேட்கும் கட்டம்
அந்தப் படிவத்தில் இல்லை.

மஸ்தூர் ராயப்பன் ஏணியைப் பிடித்துக்கொள்ள
உளியால் காரையை மட்டும் கொத்துவேன்.
காக்கை எச்சம், கையகல ஈரம்,
அது போதும் அதற்கு.
இழுத்தால் அறும். ஆட்டி ஆட்டித்தான்,
பால்பல் எடுப்பதுபோல்.
கசிந்த பால் விரலில் ஒட்டினால்
மத்தியானச் சோறுவரை போகாது, சோப்புக்கும்.
"இதைப் போயி..." என்பார் ராயப்பன்.
அதற்கு மேல் சொன்னதில்லை.

மாடியில் பதினேழு.
மீன் வந்த தெர்மாகோல் பெட்டியில் ஒரு வருடம்,
மணல், செங்கல் பொடி, கொஞ்சம் ஆட்டுப் புழுக்கை.
பிறகு ஆழமில்லாத் தட்டு.
மோட்டார் காயில் கட்டும் கடையில்
எரித்த செம்புக் கம்பி, எடைக்கு.
மதுரைக் கண்காட்சியில் பார்த்தவை குடை குடையாக நின்றன.
எனக்கு அது ஒட்டவில்லை.
இங்கே ரோட்டோரத்தில் ஒன்றாவது நேராக நிற்கிறதா?
ஒரு பக்கமாய்ச் சாய்த்து,
தலையைக் காற்று அப்பியதுபோல்தான் வளைக்கிறேன்.

கம்பி சுற்றுவது எளிது.
எப்போது அவிழ்ப்பது என்பதில் இருக்கிறது எல்லாம்.
ஓர் ஐப்பசியில் மூன்று வாரம் ஆடிட் என்று அலைந்துவிட்டு
வந்து பார்த்தால், பட்டை வீங்கி
கம்பியை விழுங்கிக்கொண்டிருந்தது.
துண்டு துண்டாய் வெட்டி எடுத்தேன்.
திருகாணி மரைபோல் ஒரு தழும்பு
இன்னும் அந்தக் கிளையில் ஏறிப் போகிறது.

இடித்த வீட்டுக் குப்பையில் ஒரு பவளக்கல் கிடைத்தது.
வேரை அதன்மேல் உட்கார வைக்க ஆசை.
பக்கெட்டில் மழைத்தண்ணீர், வாரம் ஒருமுறை மாற்றி,
மாதா மாதம் நாக்கால் தொட்டுப் பார்த்தேன்.
ஏழாவது மாதமும் கரித்தது.
பதினோராவது மாதம்
கல் வெறும் கல்லாக ருசித்தது.

வாடை வீசினால் வடகடல் உப்பு,
சோழகம் திரும்பினால் தென்கடல் உப்பு.
இலையோரம் பீடி சுட்டதுபோல் கருகும்.
லாரித் தண்ணீரில் நாலு குடம் மாடிக்குப் போவது
கீழ்வீட்டு ஹபீப் நிஷாவுக்குத் தெரியும்.
வீடு அவளுடையது.
"குடிக்கிற தண்ணிய மரத்துக்கா?" என்று கேட்டவள்
நான் பரமக்குடி மீட்டிங்கில் மாட்டிக்கொண்ட
ஒரு சித்திரை நாளில்
தானே ஊற்றியிருந்தாள்,
சாயாக் கிளாஸால், பதினேழுக்கும்.

நேற்று அவள்தான் கூப்பிட்டுக் காட்டினாள்.
அடுப்படி மூலை, மேல் சிலாப்பு,
தலைமயிர் கனத்தில் ஒரு விரிசல்.
விரிசலில் ஈரம்.
ஈரத்தில் வெள்ளையாக ஒரு நுனி,
வரலாமா என்று கேட்பதுபோல்.

மேலே ஓடினேன்.
எட்டு வைத்து அளந்தால், நேர் மேலே
அந்தத் தழும்புக்காரன்.
தொட்டியைத் தூக்கினேன்.
வரவில்லை.
இரண்டு கையாலும். வரவில்லை.
வடிகால் துளை வழியே எப்போது இறங்கியதோ.
மேலே நான் நகவெட்டியால் இலை நறுக்கிக்கொண்டிருக்க
கீழே அது தன்பாட்டுக்கு
வீடு பார்த்திருக்கிறது.

உளி பையில் இருக்கிறது.
ஆசிட் ஸ்டோர் அலமாரியில், சாவி என்னிடம்.
பதிவேட்டில் எந்தக் கட்டிடம் என்று போடுவது?
தனியார் வீடு எங்கள் எல்லைக்குள் வராது.

படியேறி வந்து நின்றாள் ஹபீப் நிஷா.
தொட்டியை அவளும் ஒரு தரம் அசைத்துப் பார்த்தாள்.
"மழைக்கு முன்னாடி சொல்லிரு" என்றாள்,
எதை என்று சொல்லாமல்.

ஆவணி பாதி போய்விட்டது.