இடைப்பட்ட இரவு

கொழும்பிலிருந்து கடிதம். தமிழ் இரண்டாம் பக்கத்தில்.
பதினேழாம் திகதி இரவுக்குக் கொடுப்பனவு இல்லை;
அன்று நோயாளி எந்தக் கட்டிலிலும் இருந்ததாகப் பதிவில்லை.

பதிவு பிழையில்லை. பாதி நான் எழுதினது.
தெல்லிப்பழை, வெளியேற்றம், இரவு பதினொன்று நாற்பது.
யாழ்ப்பாணம், அனுமதி, பன்னிரண்டு முப்பத்தைந்து.
எங்களுடையது மாகாணத்தின் ஆஸ்பத்திரி,
அது மத்தியின் ஆஸ்பத்திரி.
காப்புறுதிக்காரருக்கு நாள் என்பது
நள்ளிரவில் தலை எந்தத் தலையணையில் கிடந்தது என்பதுதான்.

பஞ்சலிங்கம் மேசைக்கு முன்னால் நிற்கிறார்.
நீர்ப்பாசனத் திணைக்களம்.
சம்பளம் மாகாணம் கொடுக்கிறது,
சந்தா வெட்டுப்பட்டுக் கொழும்புக்குப் போகிறது.
“வெட்டேக்கை ஒருநாளும் கேக்கேல்லையே பிள்ளை,
நான் ஆற்றை ஆள் எண்டு.”

சட்டத்தில் மூன்று நிரல்கள்.
ஒன்று எங்களுக்கு. ஒன்று அவர்களுக்கு.
மூன்றாவது இரண்டு பேருக்கும் பொது.
பொது வேலியை ஆர் அடைக்கிறதென்று
கதியால் உக்கும் வரைக்கும்
இரண்டு வளவுக்காரரும் பார்த்துக்கொண்டிருக்கிற ஊரில்
எனக்கு இதை ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மேன்முறையீட்டுப் படிவத்தை எடுத்தேன்.
அன்றிரவு என்ன நடந்தது, சொல்லுங்கோ.

“மல்லாகம் தாண்டேக்கை கதைச்சவ.
சுன்னாகத்திலை கொழுக்கி கழண்டுபோச்சு,
சேலைன் போத்தலை நான்தான் தூக்கிப் பிடிச்சனான்.
இணுவிலிலை திருவிழாச் சனம்.
மேளக்காரர்தான் முதலிலை விலத்தினவை.
கொக்குவிலிலை கண் மேலை போட்டுது.”

பிறகு அவர் கையைப் பார்த்தார்,
போத்தல் இன்னும் அதில் இருப்பதுபோல.

அம்புலன்ஸ் மாகாணத்தினது.
டீசலும் சாரதியின் மேலதிக நேரமும் மாகாணத்தினது.
காங்கேசன்துறை வீதி மத்தியினது.
அப்படியானால் அந்த ஐம்பத்தைந்து நிமிடமும்
இரண்டு பேரின் மேலும்தான் ஓடியிருக்கிறது.
இதை எழுத படிவத்தில் இடம் இல்லை.

வெளியே வாங்கில் அவர் மனைவி அரியமலர்
மருந்துத் துண்டால் விசிறிக்கொண்டிருக்கிறா.
யன்னலால் எட்டிச் சொன்னா:
“விடுங்கோ. அந்த இரவு எனக்கே நினைவில்லை,
அவையிட்டை எங்கை இருக்கப்போகுது?”

விடவில்லை.
தொகை, ஆயிரத்து ஐந்நூறு ரூபா.
பிரதி ஒன்று கைதடிக்கு, மூலம் கொழும்புக்கு.
‘நள்ளிரவில் தங்கியிருந்த இடம்’ என்ற பெட்டியில்
கணவரின் கை, காங்கேசன்துறை வீதி என்று எழுதினேன்.

பெட்டி சின்னது.
‘வீதி’ கோட்டுக்கு வெளியே போய்விட்டது.
அதன்மேல்தான் முத்திரை குத்தினேன்.