பெல்ட் மேல் தப்பில்லை

மூன்றாவது பெல்ட்டும் போன அன்று
ஒத்தக்கடையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.
ஞாயிற்றுக்கிழமை மேட்ச்.
பாதி சிரைத்த தலையாய்க் கிடந்தது கல்லூரி மைதானம்.
நடுவில், உட்கார்ந்து ஓட்டும் அந்தச் சிவப்பு வண்டி
யானைமலையைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டு.

"எஞ்சின் ஓடுது, வண்டி நகருது,
பிளேடு மட்டும் சுத்த மாட்டேங்குது"
என்றார் மொக்கராசு.
பர்சர் தங்கப்பிரகாசம் கேட்டது வேறு:
"பெல்ட்டு விக்கிறவனுக்கும் ஒனக்கும் என்னப்பா கணக்கு?"
நான் வாயைத் திறக்கவில்லை.
ரப்பர் கருகிய வாடை முதலில் பேசட்டும்.

பிளக் வயரைக் கழற்றி ஓரமாய் மடக்கினேன்.
பிளேடுக்கடியில் கை விடுகிறவனுக்குச்
சாவி சட்டைப்பையில் இருந்தால் மட்டும் போதாது.
பின்களை உருவி, டெக்கை இறக்கி,
வலப்பக்கமாய் வெளியே இழுத்தேன்.
மூன்று மழையின் புல்
அடியில் வெந்து வரட்டியாய் ஒட்டியிருந்தது.
சுரண்டச் சுரண்ட
ஒரு பேனா மூடி,
ஹால் டிக்கெட்டில் யாரோ ஒரு பெண்ணின் பாதி முகம்,
தொலைந்த பந்தொன்றின் தோல்.

செத்தவற்றை வரிசையாகப் போட்டேன்.
முதலாவது, தெற்கு மாரட் வீதியில் வாங்கியது.
நீளம் சரி, அகலம் மாவு மில்லுக்கானது.
விலாவால் கவ்வ வேண்டியது
புல்லிப் பள்ளத்தின் தரையில் போய்ப் படுத்து
வயிறு தேய்ந்து செத்திருக்கிறது.
இரண்டாவது, நம்பர் சரி.
ஒரே ஓர் இடத்தில் சூடு வைத்த தழும்பு.
பெல்ட் நின்றிருக்கிறது,
நிற்காத புல்லி அதே இடத்தைத் தேய்த்திருக்கிறது.
மூன்றாவதுக்கு இரு விலாவும் கண்ணாடி.
வழுக்கி வழுக்கி ஏறிய பளபளப்பு.

இடது ஸ்பிண்டிலில் பட்ட நூல்,
கண்ணாடி மாஞ்சாவோடு, கூடு மாதிரி.
கத்தியால் அறுத்து எடுத்ததும்
"கிடைச்சிருச்சுண்ணே" என்று கத்தியே விட்டேன்.
நாலாவதை மாட்டி, லீவரைத் தள்ளி,
முப்பது அடி போகவில்லை.
அதே வாடை.
பர்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு
ஆபீசுக்கு நடந்தார், முதுகே ஏதோ சொல்லிற்று.

திரும்பக் குப்புறப் படுத்தேன்.
ஐட்லர் புல்லியைச் சுண்டினால்
சத்தமில்லாமல் சுற்றித் தானாய் நின்றது. பேரிங் சுத்தம்.
அதைத் தாங்கும் இரும்புக் கையைப் பிடித்து ஆட்டினேன்.
ஆடவில்லை.
அங்கேதான் இருந்தது,
ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில்
நாலு முறுக்கு முறுக்கிய கட்டுக்கம்பி.
கம்பி இழுத்துப் பிடிக்கும், இல்லையென்று சொல்லவில்லை.
ரப்பர் ஒரு நூல் நீண்டால்
கூடவே ஒரு நூல் இழுத்துக்கொள்ள
அதற்கு வராது.

"ஸ்பிரிங்கு எங்கண்ணே?"

மொக்கராசு பீடி பற்றவைக்க
மூன்று தீக்குச்சி செலவழித்தார்.
காற்றே இல்லாத மத்தியானம்.

அந்நேரம் தண்ணி கேன் பையன் உள்ளே வந்தான்.
அவன் கையை எடுத்ததும்
மைதானத்து இரும்புக் கேட்
தானாகத் திரும்பி வந்து
டங்கென்று சாத்திக்கொண்டது.
கீல் ஓரமாய், கொக்கி முனையோடு,
கம்பெனிப் பெயின்ட் இன்னும் போகாமல்.

"ஆடு வருதுப்பா.
நரசிங்கத்து ஆடு பூராம் இங்கிட்டுத்தான்.
பிட்சுல புழுக்கை கெடந்தா என் சம்பளத்துல கைய வைப்பாக.
கேட்டுக்கு ஸ்பிரிங்கு கேட்டு
ரெண்டு வருசமா எழுதிக் குடுக்கேன்."

ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்து
அதன் சொந்த இடத்தில் மாட்டினேன்.
பெல்ட் விறைத்தது.
லீவரைத் தள்ளினேன், டெக் உறுமிற்று,
பச்சை வாசனை முகத்தில் அடித்தது.
மொக்கராசு ஏறி உட்கார்ந்தார், என்னைப் பார்க்கவில்லை,
கேட்டையே பார்த்தபடி ஓட்டினார்.
அது ஆவென்று திறந்து கிடந்தது.

பில்லில் எழுதினேன்: பெல்ட் ஒன்று. கூலி.
கேட்டுக்கு ஸ்பிரிங் ஒன்று.
பர்சர் கடைசி வரியை அடித்தார்.
"புல்லு வெட்டுற வண்டிக்கும் கேட்டுக்கும்
என்னப்பா சம்பந்தம்?"

ஜன்னல் வழியே கை நீட்டினேன்.
வண்டி இன்னும் போகாத பாதியில்
ஒரு கறுப்பு வெள்ளாடு
தலை தூக்காமல்,
ஒரே சீராக.