இடப்பக்கத்துப் பெட்டி

எழுபத்து நான்கு கிலோ, ஒவ்வொன்றும்.
மூன்று ஆட்கள் மாடிக்கு ஏற்றினார்கள்.
பாதிப் படியில் நின்று ஒருவன் கேட்டான்:
"உள்ளே யாராவது இருக்கிறார்களா?"
இருக்கிறார்கள் என்றேன்.

ஆல்போர்கில் அன்று ஃபியோர்டின் ஓரமெல்லாம் உறைந்திருந்தது.
படகை விற்ற பணம் அப்படியே பெட்டிகளுக்குப் போயிற்று.
போடில் சண்டை போடவில்லை.
தூசி துடைப்பது நான் இல்லை
என்று மட்டும் சொன்னாள்.

பெட்டிக்குப் பெட்டி இரண்டு மீட்டர் நாற்பது.
அதே அளவு தள்ளி என் நாற்காலி.
நான்கு கால்களுக்கும் தரையில் நாடா ஒட்டிக் குறி வைத்திருக்கிறேன்.
கிறிஸ்துமஸ் மரம் ஆறு வருஷமாக
நடைபாதையில், கோட்டுகளோடு நிற்கிறது.

முதல் இரவே ஒரு செல்லோ.
வில் நரம்பைத் தொடுமுன்
வாசிப்பவர் மூக்கால் மூச்சிழுத்தார்.
அவருடைய நாற்காலி ஒருமுறை முனகியது.
அதே இசைத்தட்டை முப்பது வருஷம் கேட்டிருக்கிறேன்,
அந்த நாற்காலியை அன்றுதான் கேட்டேன்.
போடிலை எழுப்பிக் கூட்டி வந்தேன்.
நாற்காலிதானே என்றாள்.

மோகென்ஸ் வியாழக்கிழமைகளில் வருவான்.
எழுபத்தொன்பது வயது. என்னைவிடக் கேள்வி ஞானம்.
கண்ணை மூடிக்கொள்வான்.
"இடப்பக்கம் கவனி," என்பேன்,
"அந்தச் சிம்பல் எப்படிக் காற்றிலேயே நிற்கிறது!"
"பனித்தூள் மாதிரி," என்பான் மெதுவாக.
பிறகு சீஸும் ரொட்டியும்.

போன மாதம் ஆம்ப்ளிஃபயரில் ஒரு விளக்கு எரியவில்லையென்று
யெப்பெ என்ற பையன் வந்தான்.
விளக்கை மாற்றினான்.
போகிற போக்கில் இடப்பக்கத்துப் பெட்டியில் காதை வைத்தான்.
மறுபடி வைத்தான்.
"இந்த ட்வீட்டர் செத்து எத்தனை நாள் ஆச்சு?"

கட்டைவிரல் நகமளவு பட்டுக் குமிழ்.
உச்சத்து ஒலியெல்லாம் அதன் பொறுப்பு.
கருவியை வைத்துப் பார்த்தான், ஒரு கோடுகூட எழவில்லை.
இரண்டு வருஷம் இருக்கும் என்றான்,
எங்கோ பார்த்துக்கொண்டு,
துக்க வீட்டுக்கு வந்தவனைப் போல.

இரண்டு வருஷம்.
நூறு வியாழக்கிழமை.

கணக்கு எனக்குத் தெரியாததல்ல.
ஃபிரெடெரிக்ஸ்ஹாவன் படகுத்துறையில்
முப்பத்தொரு வருஷம் எஞ்சின் அறைக்குள் நின்றவன்.
காதடைப்பான் தருவார்கள், கழுத்தில் மாட்டிக்கொள்வோம்.
காதுப் பரிசோதனைக்காரப் பெண்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்னென்னவோ திருகினாள்.
பொத்தானில் விரல் வைத்தபடி நான்
சோதனை இன்னும் தொடங்கவில்லையென்று காத்திருந்தேன்.
ஆறாயிரத்துக்கு மேலே எனக்கு ஆளில்லாத ஊர்.

அப்புறம்தான் பூனை நினைவுக்கு வந்தது.
வலப்பக்கத்துப் பெட்டியை அது அண்டவே அண்டாது.
இடப்பக்கத்துக் காலடியில்தான் தூக்கம்,
இரண்டு வருஷமாக.
என் ரசனை என்று நினைத்திருந்தேன்,
ஒலியின் வெதுவெதுப்புக்குப் பூனைகூட மயங்குகிறதென்று
மோகென்ஸிடம் சொல்லியும் இருக்கிறேன்.

புதுக் குமிழுக்கு ஒரு மாத ஓய்வூதியம்.
யாருக்காக என்று போடில் கேட்டாள்.
பதில் வரவில்லை. ஊதுகிற சங்கை ஊத வேண்டாமா?
யெப்பெ திருகாணியை இறுக்கிவிட்டு அதே சிம்பலைப் போட்டான்.
இரண்டு பக்கமும் எனக்கு அதே பக்கம்தான்.
பூனை காதை ஒருதரம் சிலிர்த்தது.
எழுந்தது. முதுகை வளைத்தது.
சமையலறைக்குப் போய்விட்டது.

நல்ல வேலை என்றேன் பையனிடம்.

நாளை வியாழன்.
இடப்பக்கம் புதிதாய் மாற்றியிருக்கிறேன், கேள் என்பேன்.
மோகென்ஸ் கண்ணை மூடுவான்.
என்ன வித்தியாசம் என்பான், தலையசைத்து.
என்ன வித்தியாசம் என்பேன் நானும்.

அவன் போன பின் செல்லோ.
மழை வந்தால் வரட்டும், ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம்.
அந்த மூச்சும் முனகும் மரக்காலும்
அடித்தளத்து ஒலிகள்,
என் காது எட்டுகிற தட்டில் இருக்கின்றன.