இடம், பொருள், ஏவல்

தெங்காவில் சாவி கிடைத்துப் பதினோரு நாள்.
எங்கள் சாப்பாட்டு மேசையைவிட நீளமான டிவி
லிஃப்டுக்குள் சாய்ந்து சாய்ந்து
ஒன்பதாம் மாடி ஏறிவிட்டது.
இனி அதற்குச் சீர்வரிசை செய்ய வேண்டும்.

முதலில் இடம்.
துளை போட வந்த முத்தழகு
விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தார்.
"இது பதுங்கறைச் சுவர்க்கா.
குண்டு விழுந்தாலே அசையாது,
என் டிரில் எந்த மூலைக்கு?
எனக்கு எதுக்கு வீவகவோட வம்பு."
கால் வைத்த ஸ்டாண்டு வாங்கச் சொல்லிவிட்டு
வந்து போன கூலி இருபது வெள்ளி
வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு பொருள்.
சிம் லிம் ஸ்குவேர். மூன்றாம் மாடி.
கடைக்காரர் குவெக் இரண்டு கேபிள்களை
பாம்பு பிடிப்பவர்போல் தூக்கிக் காட்டினார்.
ஒன்று எட்டு வெள்ளி, ஒன்று எண்பது.
என்ன வித்தியாசம்?
முனையில் தங்க முலாம் என்றார்.
தங்கம் என்றால் தமிழ்ப் பெண்கள் மடங்குவார்கள் என்று
யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.
எட்டு வெள்ளியை எடுத்துக் கூடையில் போட்டேன்.

அப்புறம்தான் அந்த ஹெலிகாப்டர்.
ஒன்பது பெட்டிகள் சூழ்ந்த இருட்டறை.
நடுவில் இரண்டு நாற்காலி. நானும் செம்பியனும்.
இடது மூலையில் கிளம்பி
தலைக்கு மேல் வளைந்து
வலது மூலையில் இறங்கும் என்று
குவெக் காற்றில் கோடு போட்டார்.
அது கிளம்பியதும் என் தோள் குறுகியது.
இவர் சும்மா இருந்தார்.
பாதி வானம் கடந்த பிறகு
நிமிர்ந்து பார்த்து
"நல்லா இருக்கு" என்றார்.

இன்னொரு முறை போடச் சொன்னேன்.
அதே பாதி வானம்.
அதே "நல்லா இருக்கு".

இருபத்திரண்டு வருடம்
துவாஸ் கப்பல் பட்டறையில் இரும்பு சீவியவர்.
இடக்கைக்காரர்.
கிரைண்டர் கத்தியதெல்லாம் இடக்காதில்.

காது கொடுத்துக் கேளுங்களேன் என்று
எத்தனை இரவு சண்டை போட்டிருக்கிறேன்!
கொடுக்க அவரிடம் ஒன்றுதான் இருந்தது.
ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறார் என்று
அவர் தங்கையிடமே சொன்னேன்.
விடுவதற்கு வாசலே இல்லாத மனிதர்.
வாங்கியதெல்லாம்
உள்ளேயே கிடந்திருக்கும்.

ஒன்பது பெட்டி வேண்டாம் என்றேன்.
கூரையில் பட்டுத் திரும்பும் ஒலி வேண்டாம்,
பன்னிரண்டு மாதத் தவணையும் வேண்டாம்.
ஒற்றைப் பெட்டி.
சத்தத்தைக் கீழே வைத்து
பேச்சை மட்டும் தூக்கிக் கொடுக்குமா?
குவெக்குக்கு முகம் சுருங்கிவிட்டது.
ஆனாலும் தேடினார்.
வாய் படம் போட்ட பொத்தானோடு ஒன்று இருந்தது.
திரை துடைக்கும் துணி இலவசம்.

ராத்திரி புது சோஃபாவில்
வழக்கம்போல் அவருக்கு இடப்பக்கம் உட்காரப் போனேன்.
தாலி ஏறிய கையோடு
மாற்றி உட்கார வைத்த இடம்.
பத்தொன்பது வருடம் அந்தப் பக்கத்திலிருந்துதான்
பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.
தலையணையும் முறுக்கு டப்பாவுமாக
எழுந்து வலப்பக்கம் போனேன்.
"ஏன், அங்க என்ன?"
"ஏசி தண்ணி சொட்டுது."
சொட்டவில்லை.

ஏவலுக்கு மூன்று ரிமோட்.
டிவி சொல் பெட்டி கேட்காது,
பெட்டி சொல் டிவி கேட்காது.
மூன்றாவது எதற்கென்று இன்னும் தெரியவில்லை.
அவர் ஒவ்வொன்றாக அழுத்தி
கடைசியில் செய்தி வாசிப்பவருக்குக் குரல் வந்தது.

"நாளைக்கு மழையாம்" என்றேன்.
கத்தவில்லை. திரும்பவும் சொல்லவில்லை.
"துணி காயாது."

"கழியை உள்ள எடுத்துட்டேன்" என்றார்
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்,
உடனே.